பெயர்த்திக்கு யார் பெயர்?

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



செயலாளர் என்னைக் கூப்பிட்டு, "நீ குடிநீர்த் திட்டங்களில் வேலை பார்க்கிறாய்; நம் ஊர் நிலத்தடி நீரைப் பற்றி அரை மணி நேரம் பேசு" என்றார். சரி என்றுதான் சொன்னேன். ஆனால் போன ஒரு வருஷமாக என் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தது தண்ணீர் இல்லை, ஒரு பெயர். என் மகளின் பெயர். அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். தண்ணீரையும் கடைசியில் கொஞ்சம் தொட்டுக்கொள்கிறேன். செயலாளர் மன்னிக்க வேண்டும்.

நான் 2006இல் இந்தக் கல்லூரியில் சேர்ந்தேன். சிவில் பிரிவு. எங்கள் அட்டெண்டன்ஸ் நோட்டில் மூன்று திவ்யா, நான்கு பிரியா. இனிஷியலைச் சேர்த்துத்தான் கூப்பிட வேண்டும். ஒருநாள் சர்வே வகுப்பில் சார், "பிரியா, செயினைப் பிடிம்மா" என்றார். நாலு பேரும் ஓடி வந்து பிடித்தார்கள். அந்தப் பிரியாக்களில் இரண்டு பேர் முன்வரிசையில்தான் இருக்கிறார்கள், சிரிக்கிறார்கள்.

இப்போது நிலைமை வேறு. போன வருஷம் ஒரு பள்ளியில் மழலையர் வகுப்புக் கதவில் ஒட்டியிருந்த பட்டியலைப் படித்தேன். ஆதிரை, குந்தவை, கோதை, மீனாட்சி, வள்ளி என்று இருந்தது. எங்கள் வகுப்பில் இதில் ஒரு பேர்கூடக் கிடையாது. மீனாட்சியையும் வள்ளியையும் எங்கள் ஆயாக்களின் ரேஷன் கார்டில் பார்த்திருக்கிறோம். குந்தவையைக் கல்கியின் நாவலில் பார்த்திருக்கிறோம். (வெளியூர் நண்பர்களுக்காக ஒரு வார்த்தை: எங்கள் பக்கம் ஆயா என்றால் பாட்டி.)

பழைய பேர்கள் திரும்பி வருகின்றன. நல்லதுதானே என்று நானும் நினைத்தேன். என் வீட்டில் வந்தபோதுதான் அதன் சிக்கல் தெரிந்தது.

எங்கள் வீடு முதலியார்பேட்டையில். தாத்தா பஞ்சாலைத் தொழிலாளி. ஆயா 1942இல் பிறந்தவர், பிரெஞ்சுக்காரன் காலத்துப் பிறப்பு. அவர் பெயர் அஞ்சலை. போன வருஷம் எனக்கு மகள் பிறந்தாள். பிறப்பைப் பதிவு செய்தபோது பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டோம். இது பலருக்குத் தெரியாது, மாணவர்களுக்கும் பின்னால் உதவும்: குழந்தையின் பெயர் இல்லாமலே பிறப்பைப் பதிவு செய்யலாம். 12 மாதத்துக்குள் பெயரைச் சேர்த்தால் கட்டணம் கிடையாது. அதற்கு மேல் 15 வருஷம் வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். அரசாங்கமே நமக்கு யோசிக்க ஒரு வருஷம் கொடுத்திருக்கிறது. எங்கள் வீட்டில் அந்த அவகாசம் பட்டிமன்றத்துக்குப் பயன்பட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன்குழம்புச் சாப்பாட்டின்போது மெதுவாகச் சொன்னேன்: "பாப்பாவுக்கு ஆயா பேரை வைக்கலாம்னு இருக்கேன்." அவ்வளவுதான்.

முதலில் அப்பா பேசினார். அவர் என் கட்சி. "நீ புதுசா ஒண்ணும் கண்டுபிடிக்கல தம்பி. பேத்தின்னா என்னன்னு நினைச்ச? பெயர்த்தி. பேரன்னா பெயரன். பாட்டன் பாட்டி பேரைத் தாங்குறதாலதான் அந்த உறவுக்கே அந்தப் பேரு" என்றார். முப்பத்தாறு வயது வரை தினமும் சொன்ன சொல்லுக்குள் இப்படி ஒரு பொருள் இருப்பது எனக்குத் தெரியாது. மகனுக்கு மகன் என்று பேர், மகளுக்கு மகள் என்று பேர். பேரப்பிள்ளைக்கு மட்டும் நம் மொழியில் 'பெயர் உடையவர்' என்று பேர்.

அடுத்து அம்மா. அம்மாவுக்குக் கொள்கை எதிர்ப்பு இல்லை, நடைமுறைச் சிக்கல். "மாமியார் பேராச்சே! நாப்பது வருஷமா வாயால சொன்னதில்ல. இந்தக் குட்டிய நான் என்னன்னு கூப்பிடுறது? சேட்டை பண்ணினா திட்டக்கூட முடியாதே!" பழைய வீடுகளில் இதற்கு ஒரு வழி இருந்தது. பாட்டி பேரைப் பதிவில் வைத்துவிட்டு, மருமகள் கூப்பிடுவதற்கென்று பாப்பா, அம்மாடி, கண்ணு என்று வேறொரு பேர் ஓடும். நம்மில் பலருக்குச் சான்றிதழில் ஒரு பேரும் வீட்டில் ஒரு பேரும் இருப்பதற்கு இந்த மரியாதையும் ஒரு காரணம்.

மூன்றாவது என் அத்தை, ஆயாவின் மகள். கடுமையான எதிர்ப்பு. "டேய், படிச்சவன்தானே நீ? அஞ்சலையும் முனியம்மாவும் சினிமால யாருக்குடா வைப்பாங்க? பாத்திரம் தேய்க்கிறவங்களுக்கு. பிள்ள பள்ளிக்கூடத்துல எப்படித் தல நிமிரும்?" அத்தையின் பேர் சரோஜா. அவருக்கு அவர் பேரே பிடிக்காது, 'பழைய பேர்' என்பார்.

நாலாவது என் மனைவி. அவர் சொன்னதுதான் எனக்கு உறைத்தது. "உங்க ஆயா மேல உங்களுக்கு இருக்கிற பாசம் புரியுது. ஆனா அந்தப் பாசத்தை அவ ஏன் வாழ்நாள் பூரா சுமக்கணும்? பேர் வைக்கிறது நாம, கேலியைத் தாங்குறது அவ." இதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் முழுப் பதில் இல்லை.

வீட்டுக்கு வெளியேயும் கேட்டேன். எங்கள் பேட்ச் நண்பன் ஒருவன் பாரிஸில் இருக்கிறான். நெல்லித்தோப்புப் பையன். "இங்கயும் அதே கதைதான்டா" என்றான். அவன் மகள் போகும் காப்பகத்தில் லூயிஸ், ழான், ரோஸ் என்று பிள்ளைகளாம். எல்லாம் அவர்களின் கொள்ளுப்பாட்டி காலத்துப் பேர்கள். பிரான்சில் 1803இல் ஒரு சட்டம் வந்தது. நாட்காட்டியில் உள்ள புனிதர்களின் பேரையோ பழைய வரலாற்றில் வருபவர்களின் பேரையோதான் வைக்கலாம் என்றது அந்தச் சட்டம். 1966இல் கொஞ்சம் தளர்ந்து, 1993இல்தான் பெற்றோர் விருப்பம் என்று ஆனது. சுதந்திரம் கிடைத்ததும் எல்லாரும் புதுப்புதுப் பேராகத் தேடினார்கள். தேடிக் களைத்தவர்கள் பாட்டி வீட்டுப் பரணுக்கே திரும்பி வந்திருக்கிறார்கள். அம்மா பேர் பழசாகத் தெரியும். பாட்டி பேர் இன்னும் பழசு. கொள்ளுப்பாட்டி பேர் மட்டும் அழகாகத் தெரியும், ஏனென்றால் அந்தப் பேரோடு நாம் யாரிடமும் சண்டை போட்டதில்லை. இது நண்பன் சொன்னது. எனக்குச் சரியாகத்தான் பட்டது.

நம் ஊர் இந்த விஷயத்தில் யாருக்கும் சளைத்தது இல்லை. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை எல்லாரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1736இல் தொடங்கி 1761 வரை எழுதியவர். துய்ப்ளெக்சின் துபாஷி, இந்தப் பட்டணத்தின் பெரிய மனிதர். அவருடைய பெண்மக்களின் பேர் பாப்பாள், பொன்னாச்சி, நன்னாச்சி. அன்றைக்கு இவை பெரிய வீட்டுப் பேர்கள். இன்றைக்கு யாராவது ஒரு மாடி வீட்டுக் குழந்தைக்குப் பாப்பாள் என்று வைப்பார்களா?

பாரதியார் 1908 முதல் 1918 வரை நம் ஊரில் இருந்தார். அவர் மகள்கள் இருவர்: மூத்தவர் தங்கம்மாள், இளையவர் சகுந்தலா. ஒன்று பாட்டிமார் பேர் போல ஒலிக்கிறது, மற்றது காளிதாசன் நாடகத்திலிருந்து வந்தது. ஒரே வீட்டில் இரண்டு காலம்.

1916இல் சுவாமி வேதாசலம் தம் பேரை மறைமலையடிகள் என்று மாற்றிக்கொண்டார். தனித்தமிழ் இயக்கம் பிறந்தது. பிள்ளைகளின் பேரையும் தமிழாக்கினார். திரிபுரசுந்தரி என்ற மகள் முந்நகரழகி ஆனார். நம் வேதபுரீஸ்வரர் கோயில் அம்மன் பேரும் திரிபுரசுந்தரிதான். முந்நகரழகி என்று சொல்லிப்பாருங்கள், பொருள் பளிச்சென்று தெரிகிறது. அந்த அலையில்தான் பின்னால் தமிழ்ச்செல்வி, கயல்விழி, மலர்விழி, பூங்கோதை எல்லாம் வீடுவீடாக வந்தார்கள். அன்று அது புரட்சி. எங்கள் தலைமுறைக்கு அவை 'டீச்சர் பேர்' ஆகிவிட்டன. இனி அவையும் திரும்ப வரும்.

அப்புறம் 2022இலும் 2023இலும் 'பொன்னியின் செல்வன்' படங்கள் வந்தன. கல்கி அந்தக் கதையைப் பத்திரிகையில் தொடராக எழுதியது 1950 முதல் 1954 வரை. குந்தவை, வானதி, பூங்குழலி எல்லாம் மறுபடி பேசப்பட்டார்கள். குந்தவை கற்பனை இல்லை, ராஜராஜனின் தமக்கை. தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் கொடை கொடுத்தவர். ஆதிரை மணிமேகலையின் அமுதசுரபியில் முதல் பிச்சை இட்டவள். இப்பேர்கள் திரும்பி வருவதில் எனக்கு மகிழ்ச்சிதான்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். எவை திரும்பி வருகின்றன, எவை வரவில்லை? ராணி பேர் வருகிறது, காவியப் பேர் வருகிறது, பெரிய கோயில் அம்மன் பேர் வருகிறது. எங்கள் பக்கத்துப் பேர்களைப் பாருங்கள்: அஞ்சலை, முனியம்மாள், பச்சையம்மாள், கன்னியம்மாள், அங்காளம்மாள், செங்கேணி, குப்பம்மாள். நெல்லித்தோப்பிலும் அரியாங்குப்பத்திலும் சவரியம்மாள், அந்தோணியம்மாள், மதலேனாள். இவர்கள் யாரும் வரவில்லை. இவையும் பழைய பேர்கள்தான். பச்சையம்மனும் அங்காளம்மனும் அம்மன்தான். நாம் பாட்டி பேரை மீட்கிறோம் என்று சொல்கிறோம். உண்மையில் பெரும்பாலும் அடுத்த வீட்டுப் பாட்டியின் பேரைத்தான் மீட்கிறோம். நம் சொந்தப் பாட்டி வயலில் நாற்று நட்டவர், மில் வாசலில் கூடை வைத்து வியாபாரம் செய்தவர். அவர் பேரைக் கேட்டால் சாதி தெரியும், கூலி வேலை தெரியும் என்று பயம்.

அதற்காக எல்லாப் பழைய பேரையும் கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பெண் பிள்ளையாகவே பிறக்கிறது என்ற கசப்பில் போதும்பொண்ணு, வேண்டாம் என்று வைத்தார்கள். அந்தப் பேரோடு வளர்ந்த பெண்கள் இன்றும் இருக்கிறார்கள். அது பேர் இல்லை, தீர்ப்பு. அந்த வழக்கம் ஒழியட்டும். குப்பம்மாள் வேறு. முந்தின குழந்தைகள் தங்கவில்லை என்றால் அடுத்ததைக் குப்பைமேட்டில் ஒரு புரட்டுப் புரட்டி எடுத்து, எமன் கண்ணில் படாமல் இருக்க குப்பம்மாள், பிச்சையம்மாள் என்று வைத்தார்கள். வெளியே அசிங்கமாகத் தெரியும் பேருக்குள் ஒரு தாயின் பயம் இருக்கிறது. ஆக, பழைய பேர் என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்ட முடியாது. ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

அஞ்சலைக்கு வருகிறேன். கேட்கிறவர்களுக்கு அதில் 'அஞ்சாதே' என்று காதில் விழும். நம் பேச்சு வழக்கில் 'பயப்படவில்லை' என்றும் விழும். நமக்கு அடுத்த ஊர் கடலூரில் 1890இல் ஒரு அஞ்சலையம்மாள் பிறந்தார். 1927இல் சென்னையில் நீல் சிலையை அகற்றக் கோரி நடந்த போராட்டத்தில் ஒன்பது வயது மகளையும் கூட்டிக்கொண்டு கலந்துகொண்டு சிறை சென்றார். அந்த மகள் பேர் அம்மாக்கண்ணு. காந்தியடிகள் அந்தச் சிறுமியைத் தம்முடன் வார்தா ஆசிரமத்துக்கு அழைத்துச்சென்று படிக்கவைத்தார். அங்கே அவளுக்கு லீலாவதி என்று பேரும் வைத்தார். காந்தியின் அன்பில் குறை சொல்ல நான் யார்? ஆனாலும் ஒவ்வொரு தடவை இதைப் படிக்கும்போதும் அந்த அம்மாக்கண்ணு என்ற பேருக்காக மனசு கொஞ்சம் அடித்துக்கொள்கிறது. அவ்வளவு தைரியம் காட்டிய பேர் அது. 2024இல் ஒரு புதிய அரசியல் கட்சி தன் முதல் மாநாட்டு மேடையில் அஞ்சலையம்மாள் படத்தை வைத்தது. பேனருக்கு அஞ்சலை வந்துவிட்டார். தொட்டிலுக்கு இன்னும் வரவில்லை.

இவ்வளவும் படித்துத் தயார் செய்துகொண்டு ஆயாவிடம் போனேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார்: "ஏன்டா, உலகத்துல வேற பேரே கெடைக்கலியா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆயா மெல்லச் சொன்னார். தாத்தாவுக்கு வேலையில்லாத நாட்களில் ஆயா ஒரு பெரிய வீட்டில் வேலை பார்த்திருக்கிறார். அந்த வீட்டில் சின்னப் பையன்கூட 'ஏய் அஞ்சலை' என்றுதான் கூப்பிடுவானாம். "என் பேர மரியாதையா கூப்பிட்டவங்க கம்மிடா. உங்க தாத்தா கூப்பிட்டதே இல்ல, 'இந்தா' தான். அதனாலதான் எம்பொண்ணுங்களுக்கு சினிமா ஸ்டார் பேரா வச்சேன். ஒருத்தி சரோஜா, ஒருத்தி தேவிகா. கூப்பிடுறவன் கொஞ்சம் மரியாதையா கூப்பிடட்டும்னு."

நண்பர்களே, எனக்கு அங்கேதான் விஷயம் புரிந்தது. நான் மதிக்க விரும்பிய ஆயா, தன் காலத்தில் பழைய பேரைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதுப் பேர் வைத்தவர். அன்றைக்குச் சரோஜா என்பது நவீனப் பேர். வீட்டு வேலைக்காரியின் மகள், நட்சத்திரத்தின் பேரோடு பள்ளிக்கூடம் போனாள். அது ஆயா செய்த புரட்சி. அப்படியானால் ஆயாவைப் பின்பற்றுவது என்றால் அவர் பேரை வைப்பதா, அவர் செய்ததைச் செய்வதா?

இரண்டு வாரம் நான் யாரிடமும் இதைப் பற்றிப் பேசவில்லை. கடைசியில் பேச்சை எடுத்தது என் மனைவி. ஆயா சொன்னதைக் கேட்ட பிறகு அவர் மனம் மாறியிருந்தது. "அந்தப் பேரை மரியாதையாக் கூப்பிட ஆளில்லன்னு பாட்டி சொல்றாங்க. அப்ப நாம கூப்பிடலாம். ஆனா ஒரு கண்டிஷன். சான்றிதழ்ல அஞ்சலை, வீட்ல வேற பேர்னு இருக்கக் கூடாது. நமக்கே வெட்கமா இருந்தா வைக்கவே வேண்டாம்." ஆயாவிடம் மறுபடி போனோம். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "வாடி போடின்னு யாரும் கூப்பிடாமப் பாத்துக்குங்க" என்றார். அதுதான் சம்மதம். பத்து நாளில் பெயரைச் சேர்த்தோம்.

பதிவு செய்யும்போது ஆயாவின் பழைய பிறப்புச் சான்றையும் எடுத்துப் பார்த்தேன். பிரெஞ்சில் எழுதியது. அந்தக் காலக் குமாஸ்தாக்கள் காதில் விழுந்ததைப் பிரெஞ்சு முறையில் எழுதிவிடுவார்கள். ழகரத்துக்கு ஜே எழுத்து. அதனால்தான் நம் ஊரில் எத்தனையோ பழனியம்மாள்கள் ஆங்கிலத்தில் வாசிக்கும்போது பஜனியம்மாள் ஆகிவிட்டார்கள். உகரத்துக்கு ஓ, யூ என்று இரண்டு எழுத்து. இன்றும் பென்ஷனுக்கும் பாஸ்போர்ட்டுக்கும் ஒரு எழுத்து மாறியதற்காக அலைகிற குடும்பங்கள் நம்மில் உண்டு. மாணவர்களுக்கு ஒரு யோசனை: பேர் பழசோ புதுசோ, எல்லாச் சான்றிதழிலும் ஒரே எழுத்துக்கூட்டல் இருக்கட்டும்.

இனி நான் சொல்லப்போவது கொஞ்சம் வெட்கமான விஷயம். ஒன்பதாம் மாதத் தடுப்பூசிக்குக் குழந்தையை ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நல்ல கூட்டம். நர்ஸ் அட்டையைப் பார்த்து உரக்கக் கூப்பிட்டார்: "அஞ்சலை!" என்ன நடந்தது தெரியுமா? வராந்தாவில் தரை துடைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா துடைப்பத்தோடு நிமிர்ந்து, "என்னங்க சிஸ்டர்?" என்றார். உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் அவரைத்தான் பார்த்தார்கள். யாரும் எங்கள் பக்கம் திரும்பவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்திருக்க எனக்கு ஒரு நிமிஷம் தயக்கம் வந்தது. ஆமாம், எனக்குத்தான். வீட்டில் இவ்வளவு வாதாடிய எனக்கே சுருக்கென்றது. என் மனைவிதான் சட்டென்று எழுந்து, "இங்க இருக்காங்க சிஸ்டர், இவங்கதான் அஞ்சலை" என்றார்.

ஊசி போட்டு வெளியே வந்தபோது அந்த அம்மா காத்திருந்தார். "எம்பேரா பாப்பாவுக்கு? பாட்டி பேரா?" என்று கேட்டார். ஆமாம் என்றோம். "எம்பேத்திக்கு எம்பேர வைக்கச் சொல்லி நான் கேக்கவே இல்லீங்க. நல்லால்லன்னு நானே விட்டுட்டேன்" என்றார். கையைப் புடவையில் துடைத்துவிட்டுக் குழந்தையின் தலையில் வைத்தார். அவரை ஆஸ்பத்திரியில் எல்லாரும் ஆயா என்றுதான் கூப்பிடுகிறார்கள். வீட்டு ஆயா வேறு, ஆஸ்பத்திரி ஆயா வேறு என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது வீட்டு நிலவரம். மூன்று மாதம் அம்மா குழந்தையைப் 'பாப்பா' என்றே ஓட்டினார். போன மாதம் ஒருநாள் அது செருப்பை எடுத்து வாயில் வைத்துவிட்டது. பதற்றத்தில் அம்மா, "ஏய் அஞ்சலை!" என்று கத்திவிட்டார். அப்புறம் அப்படியே வாயைப் பொத்திக்கொண்டார். உள்ளறையிலிருந்து ஆயா, "என்னம்மா?" என்று குரல் கொடுத்தார். வீடே சிரித்தது. ஆயா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்ததை நான் பார்த்தேன். அத்தை மட்டும் இன்னும் சமாதானம் ஆகவில்லை. 'சரோஜான்னு வச்சிருந்தாலாவது பரவால்ல' என்கிறார். பாருங்கள், அந்தப் பேருக்கும் நேரம் வந்துவிட்டது!

என் மனைவி கேட்ட கேள்வி அப்படியேதான் இருக்கிறது. பள்ளியில் கேலி வரலாம். என் மகள் பெரியவளாகி, "எனக்கு இந்தப் பேர் வேண்டாம்" என்று சொல்லலாம். சொன்னால் நானே அவளைக் கூட்டிக்கொண்டு போய் அரசிதழில் பேர் மாற்றத்துக்கு விண்ணப்பம் கொடுப்பேன். பேர் நாங்கள் கொடுத்தது, ஆனால் அது அவளுடையது. அவள் ஆயாவுக்குக் கிடைக்காத உரிமை அதுதான்.

ஆகவே எல்லாரும் பாட்டி பேரை வையுங்கள் என்று நான் கேட்கவில்லை. திவ்யா என்று வையுங்கள், லூயிஸ் என்று வையுங்கள், குந்தவை என்று வையுங்கள். நான் கேட்பது ஒன்றுதான். பழைய பேர் தேடும்போது இணையத்தில் மட்டும் தேடாதீர்கள். உங்கள் வீட்டு ரேஷன் கார்டைப் பாருங்கள். அந்தப் பேருக்கு உரியவர் உயிரோடு இருந்தால் அவரிடம் போய் உட்கார்ந்து, அந்தப் பேரோடு எப்படி வாழ்ந்தீர்கள் என்று கேளுங்கள். வைப்பதா வேண்டாமா என்பதை அப்புறம் முடிவு செய்யலாம். வைக்காவிட்டாலும் பரவாயில்லை, கேட்டதாவது மிஞ்சும். நாளைக்கு உங்கள் ஹாஸ்டலில், அலுவலகத்தில், ஒரு முனியம்மாவையோ பச்சையம்மாளையோ கூப்பிடும்போது பேரோடு 'அம்மா' சேர்த்துக் கூப்பிடுவீர்கள்.

தண்ணீரைத் தொடுவதாகச் சொன்னேன். பாரதி பூங்காவில் ஆயி மண்டபத்துக்கு முன்னால் நாம் எல்லாரும் போட்டோ எடுத்திருக்கிறோம். ஆயி ஒரு தாசி. கிருஷ்ணதேவராயர் அவள் மாளிகையைக் கோயில் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டு, பிறகு உண்மை தெரிந்து கோபத்தில் இடிக்கச் சொன்னார். அவள் தானே இடித்துவிட்டு அங்கே ஊருக்குக் குளம் வெட்டினாள் என்பது கதை. பல காலம் கழித்து, மூன்றாம் நெப்போலியன் ஆட்சியில், லமைரேஸ் என்ற பொறியாளர் முத்தரையர்பாளையத்திலிருந்து பட்டணத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். ஆயியின் கதையைக் கேட்ட மன்னர் அவள் நினைவாக மண்டபம் கட்டச் சொன்னதாகச் சொல்வார்கள். சிவில் நண்பர்கள் கவனிக்கவும்: மண்டபம் இன்ஜினியர் பேரில் இல்லை! நம் புதுச்சேரி அரசின் சின்னத்திலும் அந்த மண்டபம்தான் இருக்கிறது. ஆயி என்றால் தாய். ஊர் கேவலமாகப் பார்த்த ஒரு பெண்ணின் பேரைத்தான் இந்த ஊர் தன் முத்திரையாக வைத்திருக்கிறது.

கடைசியாக ஒன்று. நான் 2006இல் இந்தக் கல்லூரிக்கு விண்ணப்பித்தபோது ஊர் பேர் பாண்டிச்சேரி. அதே வருஷம் அக்டோபரில் புதுச்சேரி ஆனது. டிகிரி வாங்கியது புதுச்சேரியில். அப்போதும் இதே வாதங்கள்தான்: பழைய பேர் எதற்கு, வெளிநாட்டில் யாருக்குப் புரியும், பாண்டி என்றால்தான் ஸ்டைல். இன்றைக்கு இரண்டு பேரையும் சொல்கிறோம், சண்டை ஓய்ந்துவிட்டது. திரும்பி வந்த அந்தப் பழைய பேருக்குப் பொருள் 'புதிய ஊர்' என்பதை மட்டும் அப்போது யாரும் கவனிக்கவில்லை.

என் மகள் பேரைக் கேட்டு யாராவது முகம் சுளித்தால், நான் இதைச் சொல்லிக்கொள்வேன்.

— முன்னாள் மாணவர், சிவில் பிரிவு, 2006–2010